விரால் இல்லாத குளம்

மாமாவுக்குக் கலவை ஆகாது. பூசணிக்கூட்டு வைத்தால் பூசணியை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார். வெற்றிலை போட மாட்டார். பாக்கும் சுண்ணாம்பும் ஒன்றாகக் கூடி வாய் சிவப்பதைப் பார்த்தாலே அவருக்குக் குமட்டும். சந்தையில் பலவகை மீனையும் ஒரே கூறாகக் கட்டி விற்பார்களே, அதை வாங்கி வந்தால் அத்தைக்கு அன்றைக்கு வசவுதான். "எங்கண்ணன் வயித்துக்குள்ள போயும் அதுஅது தனித்தனியாத்தான் உக்காந்திருக்கும் போல" என்று அம்மா சொல்லிச் சிரிப்பாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்த காலம் அது.

அம்மாவின் உடன்பிறந்த அண்ணன் அவர். எங்கள் தெருக் கூலிக்காரர்கள் சங்கத்தின் தலைவர். கூத்தாநல்லூர் ரோட்டை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு நடந்தால் எங்கள் ஊர். ஊருக்கு நடுவில் பெரிய குளம். குளத்துக்கு மேற்கே மிராசுதார் வீடும் அவருடைய பங்காளிகள் வீடுகளும். கிழக்கே, அவர் நிலத்தில் நட்டுக் களையெடுத்து அறுத்துப் பிழைத்த நாங்கள். எங்கள் தெருவில் யாருக்கும் ஒரு குழி நிலம் கிடையாது. அந்தத் தெருவை நிமிர்ந்து நிற்க வைத்தவர் மாமாதான். பிறகு அதை உடைத்துப் போட்டவரும் அவர்தான். இரண்டையும் ஒரே குணத்தை வைத்துக்கொண்டு செய்தார் என்பது எனக்கு இன்னும் செரிக்கவில்லை.

ஆள் நல்ல உயரம். தொண்டை எப்போதும் கட்டியிருக்கும். வலது கைச் சுண்டுவிரல் மடங்காது. போலீஸ் ஸ்டேஷனில் ஒடித்தது. அந்தக் கையை நீட்டி "ஒண்ணுன்னா ஒண்ணு" என்பார். கூலி கேட்டாலும் அதுதான், ஊர்வலம் போனாலும் அதுதான், அத்தை காப்பிக்குக் கருப்பட்டியா வெல்லமா என்று கேட்டாலும் அதுதான். எந்தப் பொருள் கைக்கு வந்தாலும் எங்கேயிருந்து வந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் தொடுவார். மிராசுதார் தோப்புத் தேங்காய் என்று தெரிந்தால் சட்னி அப்படியே கிடக்கும்.

குட்டை நெல் ரகம் முதன்முதலாக எங்கள் பக்கம் வந்தபோது வயசானவர்கள் முணுமுணுத்தார்கள். வைக்கோல் நீளமில்லை, கூரை வேய ஆகாது, மாடும் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது என்றார்கள். மாமாவுக்கு மட்டும் அந்தப் பயிரைப் பார்த்துப் பார்த்து மாளவில்லை. என்னை வரப்பில் நிறுத்தி வைத்துக் காட்டினார்.

"பாரு பாப்பா, எல்லாம் ஒரே உசரம். ஒருத்தன் தலைக்கு மேல ஒருத்தன் நீட்டிக்கிட்டு நிக்கல பாரு. நாம கேக்குறதும் இதத்தான்."

எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. அதில் பூச்சி விழுந்தபோது ஒரு வயல் விடாமல் விழுந்தது என்பது பிறகு நடந்த கதை.

அவரை மட்டம் தட்டுவதற்காக இதை எழுதவில்லை. தட்டவும் முடியாது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு எங்கள் ஆட்கள் அரிவாளைக் கீழே வைத்த வருஷம், விளைந்த பயிர் சாய்ந்து நிற்க, மிராசுதார் தெற்கேயிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் தெரு இளவட்டங்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். மாமா கம்புகளைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தார். தனியாளாக லாரியண்டை போனார். வந்தவர்கள் மிரண்டுபோய் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டார் முதலில்.

அத்தையைக் கூப்பிட்டுக் கஞ்சிப் பானையைக் கொண்டுவரச் சொன்னார். அவர்கள் குடிக்கும் வரை நின்றார்.

"இன்னிக்கி எங்க வயித்துல அடிக்க உங்கள ஏத்திக்கிட்டு வந்திருக்கான். நாளைக்கி உங்க ஊர்ல நீங்க கேப்பீங்க. அப்ப எங்களத்தான் ஏத்திக்கிட்டு வருவான். நாங்க வரட்டுமா வேணாமாங்க? நீங்களே சொல்லுங்க."

லாரி வந்த வழியே திரும்பிப் போனது. அதற்காகத்தான் ஸ்டேஷனில் அந்தச் சுண்டுவிரலை ஒடித்தார்கள். அன்றைக்கு அந்த லாரி ஆட்களையும் எங்களையும் ஒன்றாகப் பார்த்த கண் அவருடையது. எங்கள் ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கண் இல்லை.

குளத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு பசலி வருஷத்துக்கும் அதன் மீன்பாசிக் குத்தகையை மிராசுதார்தான் எடுப்பார். எதிர்த்துக் கேட்க ஆள் கிடையாது. பங்குனியில் தண்ணீர் வற்றியதும் அவர் ஆட்கள் வலை போட்டு வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்வார்கள். அள்ளி முடித்ததும் கரையில் ஒரு துண்டைக் கட்டுவார்கள். துண்டு கட்டிவிட்டால் இனி யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று அர்த்தம். அறுவடை முடிந்து வேலை இல்லாத அந்த மாதங்களில் எங்கள் தெரு உயிரோடு இருந்தது அந்தச் சேற்றால்தான்.

எல்லோரும் ஒன்றாக இறங்குவோம். ஆனால் ஒருவர் தேடுவதை இன்னொருவர் தேடமாட்டார். திடமான ஆண்கள், அடியில்லாத மூங்கில் கூடையான ஊத்தாவைச் சேற்றில் குத்திக்கொண்டே போவார்கள். விரால் அகப்பட்டால் கூடை முட்டி ஆடும். அதில் மாமாவை மிஞ்ச ஆளில்லை. கிழவிகள் மதகுப் பக்கம் முந்தானையை விரித்து அயிரை வாரிக்கொண்டிருப்பார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தூண்டிலும் கெண்டையும். மூங்கிலில் பின்னிய பறி வைத்துக் குரவை பிடிப்பவர் ஒருவர் இருந்தார். நடக்க முடியாதவர்கள் கரையோரம் உட்கார்ந்தபடி நத்தை பொறுக்குவார்கள். என் அம்மா கைக்காரி. குனிந்து சேற்றுப் பொந்தில் கைவிட்டுத் தடவிக் கெளுத்தி பிடிப்பாள். கெளுத்தி முள் குத்தினால் கை வீங்கிப்போகும். வீங்கிய கையோடு மறுநாளும் இறங்குவாள். அப்பா இறந்தபிறகு எங்கள் வீட்டுச் சட்டியில் குழம்பு கொதித்தது அந்தக் கையால்தான்.

அந்தச் சேற்றில் யாரும் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. எங்கள் தெருக்காரர்கள் அவ்வளவு நல்லவர்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னையில் ஆட்சி மாறியது. எங்கள் தெருவிலேயே ஒரு தையல்காரர் இருந்தார். கறுப்பு சிவப்புக் கரை போட்ட துண்டு போடுகிறவர், ஆளுங்கட்சி. தாலுக்கா ஆபீசில் நாலு பேரைத் தெரிந்தவர். அவர் நடையாய் நடந்தார், மாமா ஆட்களைத் திரட்டினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து இழுத்ததில் குளத்துக் குத்தகை மிராசுதார் கையை விட்டு எங்கள் தெருவுக்கு வந்தது. அன்றைக்குத் தெருவில் பறையடித்து ஆடினார்கள். இனிமேல் கரையில் துண்டு கட்டும் வரை காத்திருக்க வேண்டாமே என்று அம்மா சந்தோஷத்தில் அழுதாள்.

சங்கக் கொடிக்கம்பத்தடியில் கூட்டம் போட்டார் மாமா. கட்டிய தொண்டையோடு அவர் பேசியது எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

"குளம் நம்ம கைக்கு வந்திருச்சு. ஆனா மிராசுதாரு இன்னும் போகல. குளத்துக்குள்ளயே இருக்கான். யாரு? விராலு. அயிரயத் தின்னு கொழுக்குறான், கெண்டக்குஞ்சத் தின்னு கொழுக்குறான். சேத்துக்குள்ள சொகுசாப் படுத்துக் கெடக்குறான். நம்ம குளத்துல மிராசுதாரு எதுக்கு?"

கூட்டம் சிரித்தது, கைதட்டியது. நானும் தட்டினேன். அம்மா மட்டும் எழுந்து நின்றாள்.

"அண்ணே, விராலு கெண்டயத் திங்கிது. நாம விரால திங்கிறோம். கெண்டயையும் திங்கிறோம். இதுல யாருக்கு என்ன நட்டம்? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே."

மாமா அவள் பக்கம் கையை நீட்டினார்.

"தங்கச்சி, நீ மிராசுதாருக்குப் பேசுற" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அம்மா உட்கார்ந்துவிட்டாள். அவள் அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் எழுந்து நிற்கவில்லை.

மூட்டை மூட்டையாக இலுப்பைப் புண்ணாக்கு வந்தது. அதை ஊறவைத்துக் கரைத்துக் குளத்தில் ஊற்றினார்கள். வெயில் ஏறியதும் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. ஒரு வகை மட்டும் சாகிற மருந்து எது? அயிரை, குரவை, கெளுத்தி, உளுவை, பேர் தெரியாத பொடிசுகள் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கவிழ்ந்து மிதந்தன. தொடை தடிமனுக்கு விரால்களைக் கரையில் வரிசையாக அடுக்கினார்கள். அன்றைக்குத் தெருவெல்லாம் மீன் வாசனை. இலுப்பையில் செத்த மீனைத் தின்றால் மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது. அப்படி ஒரு சாப்பாடு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. விரால் தலை என்றால் உயிரை விடுகிற மாமா மட்டும் தொடவில்லை. இனி விராலே தின்பதில்லை என்று கொடிக்கம்பத்தைத் தொட்டுச் சொன்னார். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தார். அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது?

மழை பெய்து குளம் நிரம்பியதும் கெண்டைக்குஞ்சு வாங்கி விட்டார். மீன்வளத்துறைக்காரர் ஒருவர் ஜிலேபிக் கெண்டையும் கொஞ்சம் கொடுத்தார். சீக்கிரம் பெருகும், சட்டென்று வளரும், ஏழைகளுக்கேற்ற மீன் என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்த வார்த்தை மாமாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தண்ணீர் வருகிற மடையில் கம்பிவலை அடித்தார். வாய்க்காலிலிருந்து ஒரு விரால்குஞ்சுகூட உள்ளே வரக்கூடாது என்று தினமும் போய் அந்த வலையைத் தடவிப் பார்த்துவிட்டு வருவார். புதுத்தண்ணீரோடு ஏறி வருகிற அயிரையும் குரவையும் வலைக்கு அந்தப் பக்கமே மோதி மோதித் திரும்பின.

முதல் வருஷம் அள்ளி மாளவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஜிலேபி, கூடை கூடையாக. மாமா கரையில் நின்று சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "பாருங்க, எல்லாம் ஒரே அளவு" என்றார். அந்த வருஷம்தான் தெருவில் பறந்த தையல்காரரின் கட்சிக் கொடி இறங்கியது. ஒரு தெருவில் இரண்டு கொடி எதற்கு என்று கேட்டார் மாமா.

"ரெண்டு இருந்தா என்னங்க? ரெண்டும் மிராசுதாருக்கு எதிராத்தான பறக்குது" என்றார் தையல்காரர்.

"ஒண்ணுன்னா ஒண்ணு."

அவரிடம் யாரும் துணி தைக்கக் கொடுக்கவில்லை. மெஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு திருவாரூருக்குப் போய்விட்டார். தாலுக்கா ஆபீசில் எங்களுக்காகப் பேச அப்புறம் ஒருவரும் இல்லை.

மறுவருஷம் மீன் சிறுத்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் சிறுத்தது. குளம் நிறைய மீன். ஆனால் எல்லாம் விரல் நீளம், முள்ளும் தோலும். விட்ட கெண்டைக்குஞ்சு எதுவும் தேறவில்லை.

நான் இப்போது கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பாடப்புத்தகத்தில் இது இரண்டு பாராவில் முடிந்துவிடுகிறது. ஜிலேபி தன் குஞ்சை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். அதைத் தின்ன விரால் இல்லையென்றால் அத்தனை குஞ்சும் பிழைத்துக்கொள்ளும். அத்தனைக்கும் வேண்டியது ஒரே பாசி. பாசி பற்றாது, அதனால் எதுவும் வளராது, வளராமலேயே முட்டை போடும். வலுத்த இனம் மற்றதையெல்லாம் நெருக்கித் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் அதைத் தின்கிற கொன்றுண்ணிதான். பல இனம் பக்கத்தில் பக்கத்தில் வாழ்வது ஒன்றையொன்று விரும்புவதால் அல்ல. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு இரை, வேறு வேறு ஆழம் இருப்பதால்தான். மாணவர்கள் எழுதிக்கொள்கிறார்கள். நான் கரும்பலகையில் வட்டம் போட்டுக் காட்டுகிறேன். உள்ளுக்குள் கொடிக்கம்பத்தடியில் கைதட்டிய சத்தம் கேட்கிறது.

அம்மா இதெல்லாம் படித்தவள் அல்ல. அவளுக்குத் தெரிந்தது, பொந்தில் கைவிட்டால் ஒன்றும் இல்லை என்பது மட்டும். ஜிலேபி தடவுகிற கைக்கு நிற்காது. விர்ரென்று போய்விடும். பங்குனியில் எங்கள் சட்டி காலியாகக் கிடந்தது. வடக்கே சித்தி ஊருக்குப் போனவள், அங்கே வாய்க்காலில் பிடித்த விரால் இரண்டைக் குடத்துத் தண்ணீரில் போட்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். குடத்தைக் குளத்தில் கவிழ்த்தாள். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்கத்தான் செய்தாள்.

மாமாவின் காதுக்குப் போய்விட்டது. வலையோடு ஆட்களை இறக்கினார். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை குளத்தைக் கலக்கினார்கள். இரண்டையும் பிடித்தார்கள். மாமா அவற்றைக் கரையில் போட்டு, எல்லோரையும் கூப்பிட்டு, அம்மாவையும் கூப்பிட்டு, கட்டையால் தலையில் அடித்தார். விரால் லேசில் சாகாது. திரும்பத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது.

"எதிரிய உள்ள விடுறவ எனக்குத் தங்கச்சி இல்ல" என்றார்.

"அது மீனுண்ணே" என்றாள் அம்மா. "வெறும் மீனு. எம்புள்ளைங்க திங்கிற மீனு."

மாமா கட்டையைக் குளத்தில் கழுவினார். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அத்தை மட்டும் முந்தானைக்குள் மறைத்து ஏதாவது கொண்டுவந்து தருவாள்.

அடுத்த பங்குனியில் நடந்ததுதான் எல்லாவற்றையும் முடித்தது. குளத்தில் ஒரே மீன். அதைப் பிடிக்க ஒரே வழி, வலை. வலை உள்ளவன், வலை இழுக்க வீட்டில் நாலு ஆண்பிள்ளை உள்ளவன் அள்ளினான். முந்தானைக்காரிகளுக்கும் பறிக்காரருக்கும் என் அம்மாவுக்கும் சேறுதான் மிச்சம். என் அண்ணன் கடன் வாங்கிய வலையோடு இறங்கினான். அடுத்த வீட்டுக்காரன், எங்கள் வீட்டுச் சட்டியில் கைவிட்டுத் தின்று வளர்ந்தவன், என் இடத்துக்கு ஏன் வந்தாய் என்றான். குளத்தில் இடம் என்று ஒன்று அதுவரை கிடையாது. வாய் தடித்து, வலைக்கழி சுழன்று, அண்ணன் காதோடு சேர்த்து அடி விழுந்தது. அந்தக் காது அப்புறம் கேட்கவேயில்லை. அன்றைக்கே தெரு இரண்டாகிவிட்டது. எந்த வீடு எந்த வலைக்காரன் பக்கம் என்று பிரிந்துகொண்டார்கள். மாமா கரையில் ஓடி ஓடி "ஒண்ணுன்னா ஒண்ணு, ஒண்ணுன்னா ஒண்ணு" என்று கத்தினார். கட்டிய தொண்டை. யார் காதிலும் விழவில்லை.

அதற்கடுத்து வந்த அறுவடைக்கும் கூலி கூட்டிக் கேட்டோம். அரிவாளைக் கீழே போடச் சொன்னார் மாமா. மிராசுதார் லாரி அனுப்பவில்லை. தேவைப்படவில்லை. எங்கள் தெருவின் ஒரு பாதி போய் அறுத்துக்கொடுத்தது. அடித்தவன் வீடு மட்டும் அல்ல, அடிபட்டவன் வீட்டுச் சொந்தக்காரர்களும் போனார்கள். எங்களுக்குத் தெற்கத்தியாரை விரட்டத் தெரியும், கஞ்சி கொடுத்துத் திருப்பி அனுப்பவும் தெரியும். அடுத்த வீட்டுக்காரனை என்ன செய்வது என்று தெரியவில்லை. மாமா வரப்பில் நின்று அவர்கள் அறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அத்தை சொன்னாள்.

பிறகு சங்கம் இரண்டாகி, மூன்றானது. மூன்றுக்கும் தலைவர்கள். மூன்று பேரும் மாமாவைப் போலவே கையை நீட்டிப் பேசினார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு லாரியைத் திருப்பி அனுப்பியதில்லை. மடையிலிருந்த கம்பிவலை துருப்பிடித்து உதிர்ந்தபோது, வாய்க்காலில் உள்ளே வருவதற்கு விராலும் இல்லை. வயலுக்கு அடித்த பூச்சிமருந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டது.

மாமா படுக்கையில் விழுந்தபோது நான் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போயிருந்தேன். அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசமுடியாமல் இருந்தார். ஒருநாள் அத்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"விரால் கொழம்பு கேக்குறாரு" என்றாள் அம்மாவிடம். "ஒங்கையால வெக்கணுமாம்."

அம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பார்த்து, "எங்க கெடைக்கும்?" என்று மட்டும் கேட்டாள்.

எங்கள் குளத்தில் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் குளத்திலும் இல்லை. இருந்தது ஒரே இடத்தில். மிராசுதாரின் பேரன் சென்னையிலிருந்து திரும்பி வந்து, நெல் போட்ட வயலை வெட்டிக் குட்டைகளாக்கி, மூட்டைத் தீனி போட்டு விரால் வளர்த்துக்கொண்டிருந்தார். நான்தான் போய் வாங்கினேன். தண்ணீருக்குள் கருகருவென்று நெளிந்துகொண்டிருந்தது முழுக்க விரால். வேறு ஒரு மீனும் இல்லை. "வெளியாளு மீனு எதுவும் உள்ள வராமப் பாத்துக்குறோம் மேடம். மடைக்கெல்லாம் வலை போட்டிருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

விராலை அறுக்கச் சாம்பல் வேண்டும், இல்லாவிட்டால் கையில் நிற்காது. கேஸ் அடுப்பு வந்த தெருவில் சாம்பலுக்கு அம்மா வீடு வீடாகப் போனாள். கடைசியில் டீக்கடை அடுப்பிலிருந்து வாங்கி வந்தாள். தன் அண்ணன் வீட்டுப் படியை அவள் மிதித்தது அவ்வளவு காலத்துக்குப் பிறகு அன்றுதான். மாமாவைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, சோற்றில் குழம்பை ஊற்றி, விரால் தலையை ஓரத்தில் வைத்தாள்.

தேங்காய் எந்தத் தோப்பு என்று கேட்டுவிட்டுச் சட்னியைத் தொட்ட மனுஷன் அவர். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இதோ கேட்கப்போகிறார், கேட்டால் என்ன சொல்வது? அவர் கேட்கவில்லை. தட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், கடைசி முள் வரை உறிஞ்சித் தின்றார். மடங்காத சுண்டுவிரல் மட்டும் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. தின்று முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தெரிந்தேதான் கேட்கவில்லை என்று எனக்குப் பட்டது. அதைப் பார்த்ததற்குப் பதில் அவர் தட்டைத் தள்ளிவிட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை. மூன்று சங்கமும் மாலையோடு வந்தன, தனித்தனியாக. எதிரியை ஒருநாளும் விட்டுவைக்காதவர் என்று மூன்று பேரும் பேசினார்கள். அம்மா அழாமல் நின்றாள்.

கருமாதி முடிந்து படையல் போடுகிற நாளில் அத்தை அம்மாவிடம் சொன்னாள், அன்னைக்கி வாங்கின எடத்துலயே விரால் வாங்கிடலாம், அவருக்கு அதுதான் புடிக்கும் என்று. அம்மா சரி என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரோட்டுப் பக்கம் போகவில்லை, குளத்துப் பக்கம் போனாள்.

இலை போட்டு, சோறு வைத்து, சுருட்டு வைக்காமல் (அவர் புகைப்பதில்லை), காய் கறி எல்லாம் கலக்காமல் தனித்தனியாக வைத்தார்கள். கடைசியாக அம்மா ஒரு சட்டியைக் கொண்டுவந்து இலை நடுவில் கவிழ்த்தாள். விரல் நீள ஜிலேபி, மஞ்சளும் மிளகாயும் தடவி வறுத்தது. எல்லாம் ஒரே அளவு.

அத்தைக்கு முகம் சுண்டிப்போனது. "என்னம்மா இது? விரால்னுல்ல சொன்னேன்."

"அண்ணன் நமக்குப் போட்டதத்தான் அண்ணனுக்குப் போட்டிருக்கேன் அண்ணி" என்றாள் அம்மா.

கேட்கிற காதை அம்மா பக்கம் திருப்பிக்கொண்டு நின்றிருந்த என் அண்ணன்தான் குனிந்து சூடத்தைக் கொளுத்தினான்.